வராத பறவைக்கும் ஒரு பூஜ்யம் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘தோட்டத்துக்கு முன்பெல்லாம் சிட்டுக்குருவி நிறைய வரும், இப்போது காணோம்’ என்று வாசகர்கள் எழுதுவதை அடிக்கடி பார்க்கிறோம். உண்மையாகவே இருக்கலாம். ஆனால் எத்தனை நாள் பார்த்ததில் எத்தனை நாள் வந்தது என்று கேட்டால் பெரும்பாலும் பதில் இருக்காது. நோட்டுப் போட்டு எழுதுகிறவர்களும் வந்த பறவையின் பெயரைத்தான் எழுதுகிறார்கள். காத்திருந்தும் ஒன்றும் வராத காலை அதில் ஏறுவதில்லை. அந்தக் காலைகள் இல்லாத நோட்டை வைத்துக்கொண்டு இரண்டு ஆண்டுகளை ஒப்பிடவே முடியாது.

வாரத்துக்கு ஒரு நாள், ஒரே இடத்தில் உட்கார்ந்து, விடிந்த ஒரு மணி நேரத்துக்குள் 15 நிமிடம் பார்த்தால் போதும். 1998 முதல் பிப்ரவரிதோறும் நான்கு நாள் நடக்கும் ‘கிரேட் பேக்யார்ட் பேர்ட் கவுண்ட்’ என்ற, பொதுமக்கள் பங்கேற்கும் பறவைக் கணக்கெடுப்பிலும் குறைந்தபட்ச நேரம் இதுதான். மணியை ஆறரை என்று நிலையாக வைக்காமல் சூரிய உதயத்தை ஒட்டி வைப்பது நல்லது. உதய நேரம் ஆண்டு முழுவதும் நகர்ந்துகொண்டே இருக்கிறது. பறவைகள் கடிகாரம் பார்ப்பதில்லை.

எண்ணும்போது, ஒரே சமயத்தில் கண்ணில் பட்ட அதிகபட்ச எண்ணிக்கையை மட்டும் எழுத வேண்டும். தவிட்டுக்குருவிக் கூட்டம் வேலிக்குள் நுழைந்து மறைந்து மறுபக்கம் வரும். ஆறு, பிறகு ஏழு, பிறகு ஐந்து என்று தெரிந்தால் எழுத வேண்டியது 7. கூட்டி 18 என்று போட்டால் அதே பறவைகளை மூன்று முறை எண்ணியதாகிவிடும். குரல் மட்டும் கேட்டதற்கு ‘கு’, தோட்டத்தில் இறங்காமல் மேலே பறந்து போனதற்கு ‘ப’ என்று பக்கத்தில் குறிக்கலாம். பார்த்தும் வராவிட்டால் 0. பார்க்கவே இல்லை என்றால் ஒரு கோடு. இந்த இரண்டையும் குழப்பிவிட்டால் ஆண்டுக் கணக்கே போயிற்று.

ஒரு பறவை முதல் ஆண்டு 23 வாரம் வந்தது, மறு ஆண்டு 10 வாரம்தான் வந்தது என்று வைத்துக்கொள்வோம். பாதிக்கும் கீழே சரிந்துவிட்டதாகத் தோன்றும். முதல் ஆண்டு உட்கார்ந்தது 46 வாரம், மறு ஆண்டு 20 வாரம்தான் என்றால் இரண்டிலும் 50 சதவீதம். குறைந்தது பறவை அல்ல, நாம் உட்கார்ந்த நாள்கள். அதிலும் விட்டுப்போன வாரங்கள் எல்லாம் ஒரே பருவத்தில் விழுந்திருந்தால் இந்தச் சதவீதத்தையும் நம்ப முடியாது.

பறவை பார்ப்பவர்கள் தங்கள் பட்டியலைப் பதியும், 2002-இல் தொடங்கிய ‘இ-பேர்ட்’ இணையதளத்தில் பட்டியலை ஏற்றும்போது, அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளையும் எழுதினீர்களா என்று கேட்பதும், எழுதாத பறவைக்கு 0 என்று கொள்ளத்தான். ‘காகத்தை யார் எழுதுவார்’ என்று விட்டுவிட்டு அங்கே ‘ஆம்’ கொடுப்பவர்கள், காகம் வரவில்லை என்று பொய் சாட்சி சொல்கிறார்கள்!

குயில் கூவாத மாதங்களில் அது போய்விட்டது என்று எழுதுவதும் பிழையே. அடங்கி இலைக்குள் இருந்தால் கண்ணுக்குப் படாது. வலசைப் பறவை முதலில் தெரிந்த தேதியோடு, அதற்கு முன் கடைசியாக எந்தத் தேதியில் பார்த்து 0 போட்டோம் என்பதும் வேண்டும். அக்டோபர் 3-இல் 0, 10-இல் 1 என்றால் இடையில் ஒரு வாரத்துக்குள் வந்திருக்கிறது. முந்தைய 0 செப்டம்பர் 5 என்றால் அந்த 10-ஆம் தேதியை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

பெயர் தெரியாவிட்டால் ஊகித்து எழுத வேண்டாம். ‘சிட்டுக்குருவியை விடச் சிறியது, கண்ணுக்கு மேல் வெளிர்ப் புருவக்கோடு, கிளையில் நிற்காமல் தாவியது’ என்று எழுதி வைத்தால் பின்னால் பெயர் கிடைக்கும். ஊகப் பெயரைத் திருத்த வழியே இல்லை. இன்னொரு சிக்கல் பலருக்குத் தோன்றுவதில்லை: இரண்டாம் ஆண்டில் குரல்கள் பழகிவிடும், அதனாலேயே ‘புதுப் பறவைகள்’ கூடும். ஒரு குரலை எப்போது கற்றோம் என்ற தேதியையும் எழுதிவிடுங்கள்.

பட்டாம்பூச்சிக்கு இந்த விடிகாலைக் கணக்கு ஆகாது, வெயில் ஏற வேண்டும். இரவில் வருபவற்றுக்கு, ஓர் அடி அகலத் தட்டில் சலித்த மணலை விரல் கனத்துக்குப் பரப்பி, ஈரம் தெளித்து நிரவி வைக்கலாம். பூனைத் தடத்தில் நான்கு விரல், நகம் பொதுவாகப் பதியாது. நாய்க்கும் நான்குதான், நகம் பதியும். கீரிக்கு ஐந்து, நக நுனிகள் விரலுக்கு முன்னே தனிப்புள்ளிகளாகத் தெரியும். மணல் உலர்ந்துவிட்டால் எல்லாம் ஒரே குழி. மழை பெய்த இரவுக்கு 0 போடாமல் கோடு போடுங்கள், தடம் அழிந்திருக்கும்.

கிளை கழித்த நாள், தண்ணீர்த் தொட்டி வைத்த நாள், பூச்சிமருந்து அடித்த நாள், பக்கத்து மனையில் மரம் வெட்டிய நாள் ஆகியவற்றுக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களை ஒதுக்குங்கள். முதல் பக்கத்தில் உட்காரும் இடத்தையும், எதுவரை நம் தோட்டம் என்று எண்ணுகிறோம் என்ற எல்லையையும் வரைந்துவிடுங்கள். பென்சிலால்தான், பேனா மை பனியில் கரைந்துவிடலாம்.

இப்படிக்கு,
தோட்டப் பறவைகளைக் கணக்கெடுக்கும் வாசகர்கள்