காட்டுவிலங்குக் கணக்கெடுப்புக் குழுவினருக்குக் கஹாங் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் இருக்கும் எங்கள் செம்பனைத் தோட்டத்தில் நீங்கள் மரங்களில் கேமரா கட்டி எடுத்த காட்டுவிலங்குக் கணக்கெடுப்பின் முடிவு போன வாரம் ஆபீஸ் பலகையில் ஒட்டப்பட்டது. யானைக்கு நேரே ‘இல்லை’ என்று போட்டிருக்கிறீர்கள். அதைக் காட்டியே, மின்வேலி கேட்டு நாங்கள் கொடுத்த மனுவை நிர்வாகம் திருப்பிவிட்டது. நாங்கள் கேட்பது ஒன்றுதான்: கணக்கை மறுபடி எடுங்கள், முறையாக எடுங்கள்.

கீழ் லயத்துப் பிள்ளைகள், அதாவது தொழிலாளர் வீட்டு வரிசையில் இருக்கும் எங்கள் பிள்ளைகள், படும் பாட்டை மட்டும் சொல்லிவிடுகிறேன். பள்ளி பஸ் முன்பெல்லாம் லயத்து வாசல் வரைக்கும் வரும். ஒரு நாள் விடிகாலை, பழைய மரங்களை வெட்டிக் கன்று வைத்திருக்கும் மறுநடவு ஃபீல்டு வளைவில், லைட் வெளிச்சத்தில் கொம்பன் ஒன்று பாதையை அடைத்து நின்றிருக்கிறது. டிரைவர் வண்டியைப் பின்னாலேயே எடுத்துக்கொண்டு போனவர்தான், அப்புறம் உள்ளே வருவதில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டோம். இப்போது பிள்ளைகள் மெயின் ரோடு வரை நடக்கிறார்கள். ஜொகூரில் விடிவதற்கு ஏழு மணி ஆகிறது. பஸ்ஸோ ஆறு மணிக்கு. தாய்மார் காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்கு ஓட வேண்டும் என்பதால் பாட்டிமார்தான் துணை. முன்னால் ஒருவர் டார்ச் அடிக்க, பின்னால் ஒருவர் மில்லோ டின்னைத் தட்டிக்கொண்டே வருவார். செம்மண் பாதையில் சூடு ஆறாத சாணம் கிடந்தால் யாரும் பேசிக்கொள்வதில்லை, எல்லாரும் திரும்பிவிடுவார்கள். அன்றைக்குப் பள்ளிக்கு மட்டம். விடுப்புக் கடிதத்தில் ‘யானை’ என்று எழுதி அனுப்புகிறோம். உங்கள் முடிவுப்படி பார்த்தால் எங்கள் பிள்ளைகள் காரணமே இல்லாமல் மட்டம் போடுகிறார்கள்.

கேமராக்களை எங்கே கட்டினீர்கள் என்பதை எல்லாரும் பார்த்தோம். ஆபீஸிலிருந்து வண்டி போகும் பாதையை ஒட்டி, இறங்கிக் கட்டி ஏறிக்கொள்ள வசதியான மரங்களில். காட்டோரம் ஓடும் ஆற்றுப் பக்கம் ஒன்றுகூட இல்லை, இளங்கன்று நிற்கும் மறுநடவு ஃபீல்டிலும் இல்லை. யானை எதற்குத் தோட்டத்துக்கு வருகிறது? இளம் செம்பனையின் குருத்துக்குத்தான். கன்றைப் பிடுங்கி உள்ளே இருக்கும் மெத்தென்ற பாகத்தைத் தின்றுவிட்டு மட்டையைப் போட்டுவிட்டுப் போகும். ஆபீஸ் கணக்கில் அதையெல்லாம் காட்டுப்பன்றி தலையில் எழுதிவிடுகிறார்கள், அது தனிக் கதை.

ஏழு இரவு கேமரா ஓடியது. சரி, கணக்கே போட்டுப் பார்ப்போம். யானை உங்கள் கேமரா இருக்கும் பக்கம் இருபது இரவுக்கு ஒரு தடவை வருகிறது என்று வையுங்கள். ஓர் இரவில் அது சிக்காமல் போக நூற்றுக்கு 95 வாய்ப்பு. ஏழு இரவும் சிக்காமல் போக ஏறக்குறைய நூற்றுக்கு 70. அதாவது யானை இருந்தும் பத்துக்கு ஏழு தடவை உங்கள் தாளில் ‘இல்லை’ என்றுதான் விழும். இது நான் கண்டுபிடித்த கணக்கு இல்லை. கண்ணில் படாததும் இல்லாததும் வேறு வேறு என்பதற்காகவே, ஒரே இடத்துக்குப் பல தடவை போய், கண்ணில் படும் வாய்ப்பு எவ்வளவு என்று முதலில் கணித்துக்கொண்டு, பிறகுதான் உண்டு இல்லை என்று சொல்லும் முறையை உங்கள் துறை ஆய்வாளர்கள் 2002-லேயே எழுதி வைத்துவிட்டார்கள்.

யானையைப் பார்த்துத்தான் எண்ண வேண்டும் என்றும் இல்லை. காட்டுக்குள் நேர்கோடு போட்டு நடந்து, கண்ணில் படும் ஒவ்வொரு சாணக் குவியலும் கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளிக் கிடக்கிறது என்று டேப் பிடித்து அளக்கிறார்கள். தள்ளிப் போகப் போகக் கண்ணில் படுவது எப்படிக் குறைகிறது என்பதை வைத்து, தவறவிட்ட குவியல்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள். ஒரு யானை நாளுக்குச் சுமார் 16 முதல் 18 தடவை சாணம் போடும். மழையில் கரைந்தும் சாணவண்டு தின்றும் அது மறைய எத்தனை நாள் என்று அந்தந்த இடத்திலேயே பார்த்துவிட்டால் யானைத் தொகை கிடைத்துவிடும். தாமான் நெகாரா தேசியப் பூங்காவில் சுமார் 630 யானை என்று சொன்னது இப்படிச் சாணத்தை எண்ணித்தான். புலிக்கு உடம்பில் வரி இருக்கிறது, படத்தை வைத்து ஒவ்வொன்றாக அடையாளம் காணலாம். 2016 முதல் 2020 வரை கேமரா கட்டி, தீபகற்ப மலேசியாவில் புலி 150-க்கும் குறைவு என்று சொன்னார்கள். அதற்கு ஆண்டுக்கணக்கில் காடு காடாக அலைய வேண்டியிருந்தது. எங்களுக்கு ஒரு வாரம், அதுவும் ரோட்டோரம்.

இன்னொன்று. உங்கள் பட்டியலில் மண்டோர் (வேலையை மேற்பார்க்கும் கங்காணி) வீட்டு நாய் இருக்கிறது, படத்தோடு. தோட்டத்து கேட்டில் யானைப் படம் போட்டு, வேட்டையாடினால் தண்டனை என்று பலகை நிற்கிறது, தோட்டத்துக்குச் செம்பனைச் சான்றிதழ் கொடுக்கச் சோதிக்க வருகிறவர்கள் பார்க்க. கேட்டுக்கு வெளியே யானை உண்டு, உள்ளே கிடையாது போலிருக்கிறது. வீட்டைக் கணக்கெடுக்க வந்தார்கள், தண்ணீரைக் கணக்கெடுக்க வந்தார்கள், ஆளைக் கணக்கெடுக்கவும் வந்தார்கள். எண்ணியவர் யாரும் திரும்பி வந்ததாக எங்கள் லயத்தில் பேச்சே இல்லை.

மன்னிக்கவும், எங்கேயோ போய்விட்டேன். உங்கள் மேல் கோபமில்லை என்று எழுதத்தான் நினைத்தேன்; கொஞ்சம் இருக்கிறது. யானையைப் பிடித்துக்கொண்டு போங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. அது எண்டாவ் ரொம்பின் காட்டுக்கும் இங்கேயும் போய் வருகிற வழியில் தோட்டம் இருக்கிறது, அது செய்த குற்றம் ஒன்றுமில்லை. எந்தப் பக்கமாக, எத்தனை, எந்த மாதத்தில் வருகிறது என்று தெரிந்தால்தானே வேலியை எங்கே போடுவது, பஸ்ஸை எந்த வழியாக விடுவது என்று முடிவு செய்ய முடியும்?

ஆகவே பணிவோடு மறுபடியும் கேட்டுக்கொள்கிறோம்: கணக்கை மறுபடி எடுங்கள். ஆற்றோரத்திலும் மறுநடவு ஃபீல்டிலும் கேமரா கட்டுங்கள், இந்தத் தடவை மாதக்கணக்கில் விட்டு வையுங்கள். சாணத்தையும் எண்ணுங்கள். அதுவரைக்கும் ‘இல்லை’ என்பதை அடித்துவிட்டு ‘பதிவாகவில்லை’ என்று திருத்தி, நிர்வாகத்துக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். பாதை காட்டக் குலை வெட்டுகிறவர்களில் இரண்டு பேர் தயாராக இருக்கிறார்கள். அன்றைய சம்பளம் பிடிக்காமல் இருக்க மட்டும் பெரிய துரையிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். வரும் தேதியை முதல் நாள் பெரட்டில் சொன்னால் போதும்.

இப்படிக்கு,
கீழ் லயத்துப் பெற்றோர் சார்பில் ஒருவர்