பருவ இறுதிக் கடிதம்: எட்டாம் வகுப்பு கணினி ஒப்படைப்பு குறித்து

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். இந்தப் பருவம் நல்லபடியாக நிறைவடைந்திருக்கிறது. விளையாட்டு விழாவிலும் அறிவியல் கண்காட்சியிலும் பிள்ளைகள் உற்சாகமாகக் கலந்துகொண்டார்கள். பரிசு பெற்றவர்களுக்கும் பங்கேற்றவர்களுக்கும் வாழ்த்துகள். விடைத்தாள்களை வகுப்பாசிரியர்களிடம் பார்த்துக்கொள்ளலாம்.

அப்புறம், எட்டாம் வகுப்பின் கணினிப் பாடம் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

பிள்ளைகள் இந்தப் பருவத்தில்தான் எச்.டி.எம்.எல். கற்கத் தொடங்கினார்கள். இது வலைப்பக்கங்களை எழுதப் பயன்படும் குறியீட்டு மொழி. கணக்குப் போடுவது இதன் வேலை அல்ல. இது தலைப்பு, இது பத்தி, இது பட்டியல், இது இணைப்பு என்று பிரவுசருக்குச் சொல்லிக் கொடுப்பதுதான் இதன் வேலை. நிறத்தையும் அளவையும் சி.எஸ்.எஸ். என்ற இன்னொரு மொழி பார்த்துக்கொள்ளும், அது அடுத்த பருவத்துப் பாடம். ஐரோப்பாவின் செர்ன் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ் லீ எச்.டி.எம்.எல்.லை உருவாக்கியபோது, 1991இல் வெளியிட்ட முதல் குறிப்பில் இருந்தவை 18 டேக்குகள்தான். டேக் என்பது, ஒரு பகுதி எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று காட்டும் குறி. இன்று நூற்றுக்கும் மேல் உண்டு. எட்டாம் வகுப்புக்கு அந்த ஆரம்பகால அளவே போதும்.

கொடுத்த ஒப்படைப்பும் எளியதுதான். நோட்பேடில் தாமே தட்டச்சு செய்த ஒரு பக்கம்: ஒரு தலைப்பு, இரண்டு பத்தி, ஒரு பட்டியல், ஒரு படம், ஒரு இணைப்பு. முப்பது வரிக்குள் முடிந்துவிடும்.

வந்த பக்கங்களில் பலவும் நூற்றுக்கணக்கான வரிகள். மெனு விரிகிறது, படங்கள் தாமாகவே மாறுகின்றன. பார்க்க அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் "இந்த வரி எதற்கு?" என்று ஆசிரியர் கேட்டால், பிள்ளை பதில் தெரியாமல் திரையையே பார்த்துக்கொண்டு நிற்கிறது. ரெடிமேட் டெம்ப்ளேட்டோ, ஏ.ஐ. எழுதியதோ, வீட்டில் விவரம் தெரிந்த ஒருவர் செய்து கொடுத்ததோ, ஏதோ ஒன்று.

உங்கள் அக்கறை எங்களுக்குப் புரிகிறது. வேலை முடிந்து களைத்து வந்தும் பிள்ளையின் பாடத்துக்காக உட்காருகிறீர்கள். பக்கம் நன்றாக அமைய வேண்டும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் இந்தப் பாடத்தில் பிழை செய்யாமல் கற்க வழியில்லை. எச்.டி.எம்.எல்.லில் தவறு இருந்தாலும் பிரவுசர் பெரும்பாலும் எதுவும் சொல்லாது. தானே ஊகித்து, ஏதோ ஒரு மாதிரி காட்டிவிடும். தான் என்ன நினைத்து எழுதினோம் என்று தெரிந்த பிள்ளையால்தான் தவறைப் பிடிக்க முடியும்.

ஒரு மாணவியின் பக்கத்தில் இரண்டாவது பத்தியிலிருந்து கடைசிவரை எல்லாமே தடித்த எழுத்தாக வந்தது. வரி வரியாக விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே போனாள். மூடும் டேக்கில் ஒரு சாய்கோடு விட்டுப்போயிருந்தது. அதைச் சேர்த்து, சேமித்து, ரீலோடு செய்ததும் பக்கம் சரியானது. அந்தப் பக்கத்தில் அலங்காரம் எதுவும் இல்லை. வகுப்பிலேயே நல்ல மதிப்பெண் பெற்றவற்றில் அதுவும் ஒன்று.

ஆகவே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பிறர் செய்து கொடுத்த பக்கத்துக்கு இனி மதிப்பெண் கிடையாது. ஒவ்வொரு பிள்ளையும் தன் பக்கத்தில் ஆசிரியர் காட்டும் இரண்டு வரிகளை விளக்கி, ஒரு சிறு மாற்றத்தை அவர் முன்னாலேயே செய்து காட்ட வேண்டும். இதில் யாருக்கும் விலக்கு இல்லை. ஏற்கெனவே அப்படிக் கொடுத்தவர்கள், பள்ளி திறந்த முதல் வாரத்துக்குள் புதிதாக எழுதிக் கொடுக்கலாம். மதிப்பெண் குறைக்க மாட்டோம்.

உதவவே கூடாது என்று சொல்லவில்லை. பக்கத்தில் உட்காருங்கள், கேள்வி கேளுங்கள். தமிழ் எழுத்துகள் உடைந்து தெரிந்தால், கோப்பின் மேல்பகுதியில் யு.டி.எஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்க முறை குறிப்பிட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். படத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லும் மாற்று உரை எழுதியிருக்கிறதா என்று கேளுங்கள். பார்வையற்றவரின் திரைவாசிப்பான் அதைத்தான் படித்துச் சொல்லும். விசைப்பலகை மட்டும் பிள்ளையின் கையிலேயே இருக்கட்டும்.

இந்தப் பருவம் முழுக்க நீங்கள் கொடுத்த ஒத்துழைப்புக்கு ஆசிரியர்கள் அனைவரின் சார்பிலும் மனமார்ந்த நன்றி. சந்தேகம் இருந்தால் கணினி ஆசிரியரையோ என்னையோ தயங்காமல் வந்து பாருங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்