கதை கேட்டுச் சுற்றிய சுருட்டு

டொரான்டோ,
ஆகஸ்ட் 11.

அன்பு மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. முழங்கால் அறுவைக்குப் பிறகு மாடிப்படி ஏறுகிறாயா, இல்லை தங்கச்சி இன்னும் கீழேயே கட்டில் போட்டு வைத்திருக்கிறாளா? பதில் எழுதாததற்குச் சோம்பல் மட்டும் காரணம் இல்லை. ஜூலையில் பாதி நாள் நான் இங்கே இல்லை. மகளுக்கு இரண்டு வாரம் விடுப்புக் கிடைத்தது. "அப்பா, கியூபா போய்வரலாமா?" என்றாள். இங்கிருந்து மூன்றரை மணி நேர விமானம்தான். நாம் கொடைக்கானல் போவதுபோலக் கனடாக்காரர்கள் அங்கே போய் வருகிறார்கள். உன் அக்கா வரவில்லை. பேத்தியைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றாள். உண்மைக் காரணம் பன்றிக்கறிப் பயம்.

நீ கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். "அங்கே சுருட்டு சுற்றுகிற கூடத்தில் ஒரு ஆள் உட்கார்ந்து கதை படித்துக் காட்டுவாராமே, நிஜமா, இல்லை பத்திரிகைக்காரன் விட்ட சரடா?" என்று எழுதியிருந்தாய். நிஜம்தான். ஹவானாவில் ஒரு சுருட்டாலையில் கண்ணால் பார்த்துவிட்டு வந்தேன். பள்ளிக்கூட வகுப்பறை போல வரிசை வரிசையாக மரமேசைகள். ஆணும் பெண்ணுமாக நூறு பேராவது இருப்பார்கள். முன்னால் சின்ன மேடை, அதில் ஒரு மேசை, ஒலிபெருக்கி. கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார். காலையில் செய்தித்தாள், அது முடிந்தால் நாவல். எந்த நாவல் என்பதைச் சுற்றுகிறவர்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்கிறார்களாம். எனக்கு ஸ்பானிஷில் ஒரு சொல்லும் தெரியாது. ஆனாலும் கதை எந்த இடத்தில் சூடு பிடிக்கிறது என்பது தெரிந்தது. அந்த இடம் வந்தபோது சுற்றுகிற கைகள் கொஞ்சம் மெதுவாகிவிட்டன.

நல்ல கட்டம் வந்தால் இவர்கள் கைதட்டுவதில்லை. இலை வெட்டுவதற்கு ஆளுக்கொரு கத்தி வைத்திருக்கிறார்கள். பிடி கிடையாது, வெறும் தகடு. சவேத்தா என்று பெயர். அதை மேசைப் பலகையில் தட்டுகிறார்கள். நூறு தகடு ஒரே சமயத்தில் பலகையில் விழுந்த சத்தத்தில், பொன்மலை ரயில் பட்டறையில் மதியச் சங்கு ஊதியதும் கையிலிருப்பதைக் கீழே போடுவோமே, அது ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

இது தொடங்கியது 1865இல், ஸ்பெயின் ஆண்ட காலத்தில். தொழிலாளிகளில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தங்கள் கூலியிலிருந்து ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு ஒருவரைப் படிப்பதற்கென்றே வைத்துக்கொண்டார்கள். அடுத்த வருடமே அரசு தடை போட்டது. போடாமல் இருக்குமா? செய்தி கேட்கிறவன் நாளைக்குக் கேள்வியும் கேட்பான். ஆனால் பழக்கம் சாகவில்லை. வேலை தேடிக் கடல் தாண்டிப் போன தொழிலாளிகளோடு ஃப்ளோரிடாவுக்கும் போனது. கியூபாவின் விடுதலைத் தலைவர் ஹோசே மார்த்தி சுதந்திரப் போருக்குப் பணம் திரட்டியது டாம்பாவிலும் கீ வெஸ்டிலும் இருந்த இந்தச் சுருட்டுத் தொழிலாளிகளிடம்தான். 1895 கிளர்ச்சிக்கான உத்தரவையே ஒரு சுருட்டுக்குள் வைத்துச் சுற்றி அனுப்பியதாகச் சொல்கிறார்கள். உலகமெல்லாம் விற்கிற மான்டிகிறிஸ்டோ சுருட்டுக்குப் பெயர் வந்ததும் அந்த மேடையிலிருந்து படித்த அலெக்ஸாந்தர் துய்மாவின் நாவலால்தான் என்கிறார்கள்.

எங்களைச் சுற்றிக் காட்டிய பெண்ணிடம் நானும் கொஞ்சம் பெருமை அடித்தேன். ஆங்கிலத்தில் செரூட் என்கிறார்களே, அது எங்கள் தமிழ்ச் சுருட்டுதான் என்று மகளை மொழிபெயர்க்கச் சொன்னேன். அவள் சிரித்தாள், நம்பவில்லை. நம்ப வேண்டிய கட்டாயமும் அவளுக்கு இல்லை. 1492இல் கொலம்பஸ் வந்து இறங்கியபோதே அங்கிருந்த தைனோ மக்கள் இலையைச் சுருட்டிப் புகைத்துக்கொண்டிருந்தார்கள். சொல் நம்முடையது, இலை அவர்களுடையது.

அப்போது உன் அப்பாவை நினைத்துக்கொண்டேன். உறையூர்க் கொட்டகையில் நாளெல்லாம் குனிந்து சுற்றிவிட்டு வந்து, உன்னை விளக்கடியில் உட்காரவைத்துப் பேப்பர் படிக்கச் சொல்வாரே! நீ விளையாடப் போகிற அவசரத்தில் ஒரு வரியைத் தாண்டினால், எழுத்தே தெரியாத மனிதர் எப்படியோ கண்டுபிடித்துவிடுவார். பத்து வயதில் நீ பார்த்ததும் இதே உத்தியோகம்தான். சம்பளத்தைத்தான் யாரும் கண்ணில் காட்டவில்லை.

அடுத்தது வரிசை. சிரிக்காதே, அந்த ஊரில் கோட்டைகளைவிட எனக்குப் பிடித்தது அதுதான். நாங்கள் தங்கியது ஒரு பெரியம்மாவின் வீட்டில். வீட்டிலேயே அறை வாடகைக்கு விடுகிறார்கள். அவரோடு ரேஷன் கடைக்குப் போனேன். வாசலில் இருபது பேர் கலைந்து கிடந்தார்கள். ஒருவர் மரத்தடியில், ஒருவர் எதிர்வீட்டுப் படியில். வரிசையே இல்லை என்று நினைத்து நேரே உள்ளே நுழையப் போனேன். மகள் சட்டையைப் பிடித்து இழுத்தாள். வந்தவுடன் "எல் உல்திமோ?" என்று கேட்க வேண்டும். கடைசி ஆள் யார் என்று அர்த்தம். எங்கிருந்தோ ஒரு கை உயரும். அந்த நிமிடத்திலிருந்து நீதான் கடைசி ஆள், அடுத்து வருகிறவர் கேட்டால் நீ கை தூக்க வேண்டும். விவரமானவர்கள், "நீங்கள் யாருக்குப் பின்னால்?" என்றும் கேட்டு வைத்துக்கொள்கிறார்கள். நடுவில் ஒருவர் சலித்துப்போய் வீட்டுக்குப் போய்விட்டால் சங்கிலி அறுந்துவிடக் கூடாதே. அவ்வளவுதான் ஏற்பாடு. கயிறு இல்லை, டோக்கன் இல்லை, போலீஸ்காரர் இல்லை. அதன்பிறகு எங்கே வேண்டுமானாலும் உட்கார்ந்து ஊர்வம்பு பேசலாம், டொமினோ ஆடலாம். டொமினோவில்கூட ஹவானாக்காரர்களுக்கு ஒன்பது புள்ளி வரை போகும் 55 வில்லை வேண்டும், கிழக்கே சாந்தியாகோக்காரர்களுக்கு ஆறு புள்ளி வரை உள்ள 28 போதும். எது உண்மையான ஆட்டம் என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிட வேண்டும், இல்லையென்றால் மதியச் சாப்பாடு போய்விடும்.

நீ கோபித்துக்கொண்டாலும் ஒன்றை எழுதிவிடுகிறேன். சங்க அலுவலகத்தில் சே குவேரா படத்துக்குக் கீழே உட்கார்ந்து நாம் பேசிய கியூபாவை நான் அங்கே பார்க்கவில்லை. ரேஷன் அட்டை 1962இல் வந்தது, இன்றும் இருக்கிறது. ஆனால் அதிலுள்ள கட்டங்களில் பாதி காலியாகவே கிடக்கின்றன. கடையில் தரும் காபித்தூளில் வறுத்த பட்டாணி கலந்திருக்கிறது. நம் சிக்கரி பரவாயில்லை என்று தோன்றும். வைத்தியம் இலவசம், மருந்துக் கடையில் மருந்துதான் இல்லை. இரவில் மின்சாரம் போனால் எப்போது வரும் என்று யாரும் சொல்வதில்லை. எல்லாம் அமெரிக்கா போட்ட தடையால் என்று ஒருவர், எல்லாம் நம் அரசின் கோணல் புத்தியால் என்று இன்னொருவர். இருட்டில் ஒரே திண்ணையில் உட்கார்ந்து சத்தம் போட்டார்கள். இரண்டு பேர் சொல்வதும் சரி என்றுதான் எனக்குப் பட்டது. உனக்கு அது வழவழாப் பேச்சாகத் தோன்றும், தெரியும். நேரில் வந்து சண்டை போடுகிறேன்.

பெரியம்மாவின் இரண்டு மகன்களும் இப்போது மயாமியில். டிசம்பர் 31 நள்ளிரவில் கியூபாவில் ஒரு வாளித் தண்ணீரை வாசலிலிருந்து தெருவில் வீசி ஊற்றுவார்களாம், பழைய வருடத்துப் பீடை தொலையட்டும் என்று. வெளிநாடு போக ஆசைப்படுகிறவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவை ஒரு சுற்று சுற்றி வருவார்களாம். "என் பிள்ளைகள் சுற்றினார்கள், போயே போய்விட்டார்கள். அந்தப் பெட்டியை இப்போது பரண்மேல் போட்டு வைத்திருக்கிறேன்" என்றார். "நோ எஸ் ஃபாசில்" என்று முடித்தார். சுலபம் இல்லை என்று பொருள். அந்த ஊரில் இதை வணக்கம் சொல்வதுபோல ஆளாளுக்குச் சொல்கிறார்கள்.

நம் தொழிலுக்கு வருகிறேன். 1950களின் அமெரிக்கக் கார்கள் இன்னும் ஓடுகின்றன என்று படத்தில் பார்த்திருப்பாய். ஒரு செவ்ரோலேயின் பானெட்டைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். பழைய பெட்ரோல் எஞ்சினைக் கழற்றி எறிந்துவிட்டு, ஏதோ ஒரு வேனின் டீசல் எஞ்சினை உட்கார வைத்திருக்கிறார்கள். கேஸ்கெட் கையால் வெட்டியது. நானும் முப்பது வருடம் ஃபிட்டராக இருந்தேன், எனக்கு அந்தத் துணிச்சல் வந்திருக்காது. இந்த வண்டிகளுக்கு அல்மென்த்ரோன், பெரிய வாதுமைக்கொட்டை என்று பெயர். நம் ஷேர் ஆட்டோ போல ஒரே பாதையில் ஆள் ஏற்றி இறக்குகின்றன.

ரயில் அங்கே எப்போது வந்தது தெரியுமா? 1837 நவம்பரில். ஹவானாவிலிருந்து பெஹுகால் வரை, சர்க்கரையைத் துறைமுகத்துக்குக் கொண்டுவர. ஆண்டுகொண்டிருந்த ஸ்பெயினுக்குச் சொந்த மண்ணில் ரயில் வந்தது 1848இல்தான்! நம் செங்குன்றத்தில் கல் ஏற்றிய ரயிலும் அதே 1837ஐச் சேர்ந்ததுதான். இரண்டு இடத்திலும் தண்டவாளம் போட்டது மனிதனுக்காக இல்லை, சர்க்கரைக்கும் கல்லுக்கும்தான். கியூபாவில் அந்தத் தண்டவாளத்தைப் போட்டவர்கள் அடிமைகளும், அயர்லாந்திலிருந்தும் கேனரித் தீவுகளிலிருந்தும் கொண்டுவந்த கூலிகளும். டிரினிடாட் என்ற ஊருக்குப் பக்கத்தில், கரும்பு வயல் நடுவே, 45 மீட்டர் உயரக் கோபுரம் ஒன்று நிற்கிறது. அழகாகத்தான் இருக்கிறது. அடிமைகள் வேலை செய்கிறார்களா என்று மேலேயிருந்து பார்க்கக் கட்டினார்கள் என்று கேட்டபின் எனக்கு ஏறப் பிடிக்கவில்லை. மகள் மட்டும் ஏறி வந்தாள். 1886 வரை அங்கே அடிமை முறை இருந்தது.

அந்த அடிமைகள் ஆப்பிரிக்காவிலிருந்து தங்கள் சாமிகளையும் கொண்டுவந்தார்கள். வெளிப்பார்வைக்குக் கத்தோலிக்கப் புனிதர்கள், உள்ளே யொரூபாத் தெய்வங்கள். சாந்தெரியா என்று இதைச் சொல்கிறார்கள். பெரியம்மா வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஒரு சின்னத் தலை இருந்தது, சோழியில் கண்ணும் வாயும் வைத்து. எலெகுவா என்று பெயர். வழியைத் திறக்கிற சாமி, எந்தப் பூசையிலும் முதல் மரியாதை அவருக்குத்தான். சரி, பிள்ளையார் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு படையலைப் பார்த்தேன்: மிட்டாய், கொஞ்சம் ரம், ஒரு சுருட்டு. பெரியம்மா சுருட்டைப் பற்றவைத்து அவர் முகத்தில் புகையை ஊதினார். நம்ம கருப்பசாமியேதான், மாப்பிள்ளை! கையில் அரிவாள் மட்டும் இல்லை.

சாந்தியாகோவுக்கு ராத்திரி முழுக்கப் பஸ்ஸில் போனோம், 850 கிலோமீட்டருக்கு மேல். வழியில் கமாகுவே. மழைத்தண்ணீர் பிடிக்கும் பெரிய மண்சால்களுக்குப் பேர்போன ஊர், அந்தத் தண்ணீரைக் குடித்தவன் ஊரைவிட்டுப் போகமாட்டான் என்பார்களாம். நாங்கள் பாட்டில் தண்ணீர் குடித்துத் தப்பித்தோம். சாந்தியாகோவில் ஜூலைக் கடைசியில் திருவிழா. 1953இல் ஃபிடல் காஸ்ட்ரோ மொன்காதா படைமுகாமைத் தாக்க நாள் பார்த்ததும் இந்தத் திருவிழாக் கூட்டத்தை நம்பித்தான். அங்கே கொங்கா என்கிற முரசு ஊர்வலம் மேடைக் கச்சேரி இல்லை. தெருவே நடக்கிறது. முன்னால் முரசுகள், கூடவே ஒருவர் இரும்பு ஒன்றைத் தட்டிக்கொண்டு வருகிறார், காதைத் துளைக்கிற நாதம். பக்கத்தில் போய்ப் பார்த்தால் லாரியின் பிரேக் டிரம்! எத்தனை டிரம்மை நாம் பழைய இரும்பில் தூக்கிப் போட்டிருப்போம்?

அந்த முரசுகளுக்கு மேலே ஒரு குழல் அழுதுகொண்டே பாடியது. சீவாளி வைத்து ஊதுகிற குழல், நாயனத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி. அது கியூபாவில் பிறந்ததும் இல்லை, ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததும் இல்லை. 1847 முதல் 1874 வரை சுமார் 1,25,000 சீனர்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கரும்பு வயலுக்குக் கொண்டுவந்தார்கள். அவர்களோடு வந்த வாத்தியம் அது, இன்றும் சீனக் கொம்பு என்றுதான் பெயர். ஊதுகிறவர் முகத்தில் சீனச் சாயல் இல்லை, கறுப்பர். அவர் ஒரு வரி ஊதினால் தெருவே திருப்பிப் பாடுகிறது. நான் அரைக் கிலோமீட்டர் அவர்கள் பின்னாலேயே போய்விட்டேன். மகள் என்னைத் தேடிப் பிடித்துத் திட்டினாள்.

ஹவானாவில் கடைசி இரவு கடற்கரைச் சுவரில் உட்கார்ந்திருந்தோம். எட்டுக் கிலோமீட்டர் சுவர், ஊரில் பாதிப் பேர் அதன்மேல்தான் இருக்கிறார்கள். ஒன்பது மணிக்கு எதிர்க்கரைக் கோட்டையில் பீரங்கி வெடித்தது. தினமும் வெடிக்கிறார்கள். ஒரு காலத்தில் நகரத்து மதிலின் வாசலைச் சாத்துவதற்கு அடையாளம். அந்த மதிலை 1863இலேயே இடிக்கத் தொடங்கிவிட்டார்கள். பக்கத்தில் இருந்த கிழவர் கைக்கடிகாரத்தைத் திருகிச் சரிசெய்துகொண்டார்.

மகாளய அமாவாசைக்கு முன்னால் திருச்சி வந்துவிடுவேன். உனக்கு ஒன்றும் வாங்கவில்லை, டாக்டர் சொன்னது எனக்கும் தெரியும். உன் அப்பாவுக்கு ஒரு சுருட்டு வைத்திருக்கிறேன், அந்தக் கூடத்தில் கதை கேட்டுக்கொண்டே சுற்றியது. படையலில் வை. நீ பற்றவைத்தால் தங்கச்சியிடம் சொல்லிவிடுவேன். கூடவே அன்றைய பேப்பரை எடுத்து, படத்துக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு பக்கம் சத்தமாகப் படி. வரியைத் தாண்டாதே.

உன்,
பொன்மலை ஃபிட்டர்.