மத்தி வலசையில் என்னை இழுத்துக் காப்பாற்றியவருக்கு நன்றி

ஜூலையில் தென்னாப்பிரிக்காவின் போர்ட் செயின்ட் ஜான்ஸில், மத்தி மீன்கள் பெருங்கூட்டமாக இடம்பெயரும் மத்தி வலசையைப் பார்க்கப் போன படகில், காலில் மஞ்சள் ஃபின்ஸ் (நீந்த உதவும் துடுப்பு) போட்டிருந்தவரே, இது உங்களுக்குத்தான்.

டால்பின்கள் மத்திகளை வளைத்துப் பந்தாகத் திரட்டியிருந்தன. கேனட் பறவைகள் சடசடவென்று தண்ணீரைத் துளைத்து இறங்கின. ஒவ்வொன்றின் பின்னும் நீளமாய் வெள்ளைக் குமிழிகள். அப்படியொரு அழகு! தண்ணீரில் இருந்த நான் மெய்மறந்து நெருங்கிவிட்டேன். சிதறிய மீன்கள் ஒளிய இடம் தேடி என் வயிற்றடியில் ஒண்டின. அவற்றைத் துரத்திக்கொண்டு செப்புச் சுறாக்கள். நீங்கள் என் தோளைப் பற்றி இழுத்தீர்கள். மறுநொடி, நான் மிதந்த இடத்திலேயே பிரைடு திமிங்கிலம் ஒன்று வாயைப் பிளந்தபடி கீழிருந்து எழும்பியது.

படகேறியபின் என் கை நடுக்கம் நிற்கும்வரை பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தீர்கள். பெயர்கூடக் கேட்கத் தோன்றவில்லை எனக்கு. ரொம்ப நன்றிங்க. உயிருள்ளவரை மறக்கமாட்டேன்.