முதலில் குதிகாலைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

முதியோர் பராமரிப்பு இல்லத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். தோட்டம் இருக்கிறதா, அறையில் காற்றோட்டம் உண்டா, சுவரில் சான்றிதழ் மாட்டியிருக்கிறார்களா, வரவேற்பில் இருப்பவர் சிரித்த முகமாகப் பேசுகிறாரா என்று வரிசையாகக் கேட்டிருந்தார்கள். எல்லாம் சரிதான். ஆனால் படுத்த படுக்கையாகக் கிடப்பவர் தோட்டத்தை எப்போது பார்க்கப் போகிறார்? கட்டுரை முழுக்க, கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிறவரின் மனம் ஆறுவதற்கான கேள்விகளாகவே இருந்தன.

நான் ஓய்வு பெற்ற செவிலியர். வேலை பார்த்த காலத்தில் பெரும்பகுதி முதியோர் வார்டில்தான். பக்கவாதம் வந்ததிலிருந்து என் அக்கா ஒரு பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறார். இரண்டு பக்கமும் நின்று பார்த்தவள் என்பதால் இதை எழுதுகிறேன்.

அங்கே இருப்பவர் உங்களுடையவர் என்றால், போர்வையை விலக்கி முதலில் குதிகாலைப் பாருங்கள். அசையாமல் படுத்திருப்பவருக்கு எலும்பு துருத்தும் இடங்களில்தான் படுக்கைப் புண் தொடங்கும்: குதிகால், முதுகுத்தண்டின் அடிப்பகுதி, இடுப்பின் பக்கவாட்டு. எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவில் சதை நசுங்கி, அந்த இடத்துக்கு ரத்த ஓட்டம் நின்றுபோகும். சந்தேகமான இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்து, உடனே பழைய நிறத்துக்குத் திரும்பினால் பயமில்லை. அழுத்தியும் வெளுக்கவில்லை என்றால், தோல் கிழியாவிட்டாலும் புண் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். பழைய பாடப்புத்தகங்கள் ‘சிவந்திருக்கும்’ என்று எழுதிவிட்டுப் போய்விடும். நம் நிறத்தில் அந்தச் சிவப்பு எங்கே தெரிகிறது? சுற்றியுள்ள தோலைவிடக் கறுத்தோ ஊதாவாகவோ இருக்கும். தொட்டால் சூடாக, அல்லது கெட்டியாக, சில சமயம் கொழகொழவென்று இருக்கும். புறங்கையால் தொட்டுப் பாருங்கள், கண்ணுக்குத் தப்பியது கைக்குத் தெரியும்.

இன்னும் சேர்க்கவில்லை, பார்க்கத்தான் போயிருக்கிறீர்கள் என்றால் அடுத்தவர் போர்வையை விலக்க முடியாது. அப்போது கேட்க வேண்டியது: இப்போது எத்தனை பேருக்குப் படுக்கைப் புண் இருக்கிறது, அதில் மருத்துவமனையிலிருந்து வரும்போதே இருந்தது எத்தனை, இங்கே வந்த பிறகு தொடங்கியது எத்தனை. நல்ல இல்லத்தில் இதற்குத் தயங்காமல் பதில் வரும். ‘எங்களிடம் அந்தப் பேச்சே இல்லை’ என்று சொன்னால், யாரும் பார்ப்பதில்லையோ என்றுதான் எனக்குத் தோன்றும். புண் யாருக்கு வரக்கூடும் என்று முன்கூட்டியே கணக்கிட 1980-களில் பார்பரா பிரேடன், நான்சி பெர்க்ஸ்ட்ராம் என்ற இரண்டு அமெரிக்கச் செவிலியர்கள் ஓர் அளவுகோலை உருவாக்கினார்கள். வலியையும் அழுத்தத்தையும் உணரும் திறன், உடம்பில் ஈரம், நடமாட்டம், தானாகப் புரளும் திறன், சாப்பாடு, உராய்வு என்று ஆறு விஷயங்களுக்கு மதிப்பெண். மொத்தம் 6-இலிருந்து 23 வரை. 18 அல்லது அதற்குக் கீழே வந்தால் ஆபத்து இருக்கிறது என்று கணக்கு. பிரேடன் ஸ்கோர் போடுகிறீர்களா, கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று கேளுங்கள். அந்தப் பெயரைக் கேட்டதும் பொறுப்பாளர் முகம் போகிற போக்கே பாதி பதில்.

அப்புறம் பொசிஷன் சார்ட். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். இப்போது ஆளைப் பொறுத்து, மெத்தையைப் பொறுத்து நேரத்தை முடிவு செய்யச் சொல்கிறார்கள். எதுவானாலும் எழுதி வைக்க வேண்டும். அந்தத் தாளை வாங்கிப் பாருங்கள். 8 மணி வலது, 10 மணி இடது, 12 மணி நேராக என்று ஒரே பேனாவில், ஒரே சாய்வில், ஒரே ஆள் இரவு முழுதும் எழுதியதுபோல் இருந்தால், அது ஷிப்ட் முடியும்போது உட்கார்ந்து நிரப்பியது. நிஜமாகவே புரட்டியவர்கள் எழுதினால் 8.10, 10.25, ‘வாந்தி எடுத்தார், அப்படியே விட்டேன்’ என்று கோணல்மாணலாக இருக்கும். எத்தனையோ நைட் டியூட்டி சார்ட்களில் கையெழுத்துப் போட்டவள், அந்தக் கோணல் எனக்கு உடனே தெரியும்.

ஏர் பெட் போட்டிருக்கிறோம் என்று பெருமையாகச் சொல்வார்கள். கால்மாட்டில் தொங்கும் பம்பைக் குனிந்து பாருங்கள். பெரும்பாலானவற்றில் எடைக்குத் தகுந்தபடி அழுத்தம் வைக்க ஒரு திருகு இருக்கும். 45 கிலோ பாட்டிக்கு அது 120-இல் நின்றால் பலகையில் படுக்க வைத்த மாதிரிதான். செல்போன் சார்ஜ் போட யாரோ அந்தப் பிளக்கையே பிடுங்கி வைத்திருப்பதையும் பார்த்திருக்கிறேன்.

தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன், இதில் எனக்கு ஆற்றாமை அதிகம். வயதானவர்களுக்குத் தாகம் சரியாகத் தெரியாது. உடம்பில் நீர் குறைந்தால் மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, திடீர்க் குழப்பம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். என் அக்காவுக்கு இடது பக்கம் செயல்படவில்லை. அதோடு இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே அவர் மூளைக்கு எட்டுவதில்லை. பக்கவாதம் வந்த சிலருக்கு அப்படி ஆகும். போகும்போதெல்லாம் தண்ணீர் டம்ளர் இடது பக்க மேஜையில், நிரம்பியபடி, மூடி போட்டு அழகாக இருந்தது. கேட்டால் ‘வைத்துத்தான் இருக்கிறோம் மேடம், அவங்கதான் குடிக்கிறதில்லை’ என்றார்கள். காலிங் பெல்லும் அதே பக்கம்தான். மேஜையைத் தூக்கி வலது பக்கம் போட்டேன், சுவரில் தாள் ஒட்டினேன். அடுத்த ஷிப்டில் வந்தவர் தரை துடைக்க வசதியாக மறுபடி இடது பக்கம் தள்ளிவிட்டார். அக்கா மகன் நிர்வாகத்தில் புகார் எழுதிக் கொடுத்த பிறகுதான் மேஜை அசையாமல் நின்றது. யாரும் கெட்டவர்கள் இல்லை. அக்காவுக்கு என்ன முடியும், என்ன முடியாது என்பது ஒரு ஷிப்டிலிருந்து அடுத்த ஷிப்டுக்குப் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். பராமரிப்பு கெடுவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

எடை ரிஜிஸ்டரையும் கேளுங்கள். ஒரு மாதத்தில் 5 சதவீதம், ஆறு மாதத்தில் 10 சதவீதம் எடை குறைந்தால் உடனே காரணம் தேட வேண்டும். 50 கிலோ ஆளுக்கு மாதம் இரண்டரை கிலோ, அவ்வளவுதான் கணக்கு. முடிந்தால் சாப்பாட்டு நேரத்தில் போய் நில்லுங்கள். ஊட்டுகிறவர் உட்கார்ந்து ஊட்டுகிறாரா, நின்றபடி அவசரமாகத் திணிக்கிறாரா? ஊட்டியதும் கட்டிலைத் தாழ்த்திப் படுக்க வைத்தால் சாப்பாடு நுரையீரலுக்குள் போகும் ஆபத்து உண்டு. குறைந்தது அரை மணி நேரம் நிமிர்ந்து உட்கார வைக்க வேண்டும். சிலருக்கு நிமோனியா வருவது இப்படித்தான். வாய் சுத்தமும் அதோடு சேர்ந்தது, அதை அனேகமாக யாரும் கேட்பதே இல்லை.

உங்கள் கட்டுரை ஓர் இல்லத்தைப் பாராட்டியிருந்தது, கடந்த ஆண்டு அங்கே ஒருவர்கூடக் கீழே விழவில்லையாம். எனக்கு அதைப் படித்ததும் வயிற்றைக் கலக்கியது. வயதானவர்களை நடக்க விட்டால் சிலர் விழத்தான் செய்வார்கள். ஒருவரும் விழவில்லை என்றால் எல்லோரையும் எழுந்திருக்க விடாமல் வைத்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். கட்டில் கம்பியை ஏற்றி விடுவது, நாற்காலிக்கு முன்னால் பலகையைப் பூட்டி விடுவது, கழிவறைக்குத் தாமாகப் போகக்கூடியவருக்கும் டயப்பர் கட்டிவிடுவது, எல்லாம் இதில் சேரும். கம்பியைத் தாண்டி ஏறி விழுகிறவர் இன்னும் உயரத்திலிருந்து விழுவார். நடக்காத கால் சில வாரங்களிலேயே வலுவிழந்துவிடும்.

கட்டிப் போடுவதில் கண்ணுக்குத் தெரியாத வகை ஒன்று உண்டு, மருந்து. மறதி நோய் உள்ளவர் ராத்திரி கத்துகிறார், எழுந்து நடக்கிறார் என்று மனநோய்க்கான மாத்திரையைக் கொடுத்து அடக்கிவிடுவார்கள். மறதி நோயுள்ள முதியவர்களுக்கு இந்த வகை மருந்துகள் மரண ஆபத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-இலேயே புது வகை மருந்துகளுக்கும், 2008-இல் பழைய வகைக்கும் கடும் எச்சரிக்கை விடுத்தது. சில சமயம் தேவைப்படும், மறுக்கவில்லை. யார் எழுதியது, எதற்காக, எப்போது நிறுத்திப் பார்ப்பீர்கள் என்ற மூன்றுக்கும் பதில் இருக்க வேண்டும். கத்துகிறவருக்கு வலி இருக்கலாம், மலம் கட்டியிருக்கலாம், அதை முதலில் பார்த்தார்களா என்றும் கேளுங்கள்.

இத்தனையும் செய்ய ஆள் வேண்டும். பகலில் எத்தனை பேர் என்று எல்லா இல்லமும் சொல்லும். ராத்திரி இரண்டு மணிக்கு எத்தனை பேர், அதில் படித்த செவிலியர் எத்தனை? வேலை பார்க்கும் பெண்ணிடம் தனியாக, ‘எவ்வளவு நாளாம்மா இங்கே இருக்கே? இந்த அம்மாவுக்கு என்ன பிடிக்கும்?’ என்று கேட்டுப் பாருங்கள். வந்து ஒரு வாரம்தான் ஆகிறது என்று நாலு பேர் சொன்னால், சம்பளத்திலோ வேலைச் சுமையிலோ கோளாறு. அந்தப் பெண்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒருத்தி ஒரு ராத்திரியில் எத்தனை பேரைப் புரட்டுவாள்?

இதையெல்லாம் குடும்பத்தார் ஒவ்வொருவரும் போய் நின்று கேட்பது நடக்காத காரியம். பாதிப் பேர் வெளியூரில் இருக்கிறார்கள், மீதிப் பேருக்கு ‘அதிகம் கேட்டால் அம்மாவைச் சரியாகக் கவனிக்காமல் விட்டுவிடுவார்களோ’ என்ற பயம். அந்தப் பயம் நியாயமானது, எனக்கே உண்டு. அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். அடுத்த முறை இப்படிப் பட்டியல் போடும்போது ஒவ்வொரு இல்லத்திடமும் மூன்று எண்களை எழுத்தில் வாங்கிப் போடுங்கள்: ராத்திரியில் எத்தனை பேருக்கு எத்தனை ஊழியர், இந்த ஆண்டு அங்கேயே தொடங்கிய படுக்கைப் புண்கள் எத்தனை, ஓராண்டில் வேலையை விட்டுப் போனவர்கள் எத்தனை. நோயாளிகள் பெயர் எதுவும் வேண்டாம், அந்தரங்கம் என்று யாரும் தப்பிக்க முடியாது. தர மறுத்த இல்லங்கள் என்று தனியாக ஒரு பட்டியலும் போட்டீர்கள் என்றால், நான் முதலில் அதைத்தான் படிப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர்
(அக்கா அங்கேதான் இருக்கிறார் என்பதால் பெயரை வெளியிட வேண்டாம்)