ஆறுன்னு அடிங்க, கண்ணு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன வாரம் உங்கள் சேலம் பதிப்பில், எங்கள் பகுதிப் பெரியவர் ஒருவர் காலமான செய்தி நாலு வரி வந்திருந்தது. போட்டதற்கு நன்றி. ஆனால் அதில் அவரை 'ஆயிரக்கணக்கான மரங்களை நட்டவர்' என்று எழுதிவிட்டீர்கள். எனக்குத் தெரிந்து அவர் நட்டது கொஞ்சம்தான். அதிலும் பாதியை ஆடு தின்றுவிட்டது என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அவர் செய்த வேலை வேறு. பெயரைப் போட்டால் அவருக்குப் பிடிக்காது, நானும் போடவில்லை.

கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். திங்கள்கிழமை மனு கொடுக்க வருகிறவர்களால்தான் என் பிழைப்பு. அவர் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை பார்த்தவர். கண் மங்கியதும் பட்டறையை விட்டார், மனுவைப் பிடித்துக்கொண்டார்.

முதல் தடவை வந்தது ஆனந்தா பாலத்துக்குக் கீழே குப்பை கொட்டுவதைப் பற்றி. அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். 'மேற்படி சாக்கடையில்' என்று அடித்திருந்தேன். இந்த ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கு அது மூக்கைப் பிடித்துக்கொண்டு தாண்டுகிற இடம், அவ்வளவுதான். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தாளை மூக்குக்குக் கிட்டே பிடித்துப் படித்தார். "ஆறுன்னு அடிங்க, கண்ணு. திருமணிமுத்தாறு. சாக்கடைன்னு நாமளே எழுதிக் குடுத்துட்டா, அப்புறம் அதுல சாக்கடைய விடாதீங்கன்னு யாருகிட்டப் போயி கேக்கறது?"

அடுத்த திங்கள் இரண்டு பாட்டிலோடு வந்தார். ஒன்று சேர்வராயன் மலையடிவாரத்தில் பிடித்தது, மற்றது பாலத்துக்குக் கீழே பிடித்தது. இரண்டிலும் ஒரே மாதிரி சீட்டு: திருமணிமுத்தாறு, தேதி, நேரம். கீழ்த்தண்ணீர் பாட்டிலை என் மேசையிலேயே மறந்துவிட்டுப் போய்விட்டார். பத்து நாளில் அது உப்பிக்கொண்டது. தெரியாமல் திறந்தேன், அன்றைக்கு மத்தியானத்தோடு கடையைச் சாத்த வேண்டியதாயிற்று.

2010இல் கன்னங்குறிச்சி மூக்கனேரியைத் தூர்வாரி, அள்ளிய மண்ணை ஏரிக்குள்ளேயே திட்டுத்திட்டாகக் குவித்து மரம் வைத்தார்கள். நல்ல வேலை. இப்போது அங்கே பறவைகள் அடைகின்றன, படம் எடுக்கவும் ஆள் வருகிறது. இவர் ஏரிக்கரையில் நிற்கமாட்டார். மலையிலிருந்து தண்ணீர் இறங்கி வருகிற ஓடைகளைத் தேடிப்போய் டேப் வைத்து அளப்பார். புல வரைபடத்தில் இருக்கிற அகலத்தையும் தரையில் இருக்கிற அகலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் அடிக்கச் சொல்வார். ஆக்கிரமித்தவர் பேரே இருக்காது, சர்வே எண் போதும் என்பார். ஒரு மனுவில் என் மச்சான் வீட்டுக் காம்பவுண்டுச் சுவரும் வந்தது. அதையும் நான்தான் அடித்துக் கொடுத்தேன்.

2018இல் சேலம்–சென்னை எட்டு வழிச்சாலைக்கு நிலம் அளந்தபோது அயோத்தியாப்பட்டணம் பக்கத்து விவசாயிகளைக் கூட்டிவந்தார். 'ஏராளமான மரங்கள்' என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளமாட்டார். தென்னை எத்தனை, கிணறு எத்தனை, எண்ணிட்டு வாங்க என்று திருப்பி அனுப்புவார். அடுத்த ஏப்ரலில் நிலம் எடுத்தது செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன அன்று கடையில் இருந்த எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், புதிதாக அறிவிக்கை போட்டு நிலம் எடுக்கலாம் என்றது. மறுநாளே வந்து, "அந்தப் பழைய ஃபைல் இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

சுலபமான மனிதர் என்று சொல்லமாட்டேன். ஒரு ஒற்றுப் பிழைக்காகப் பக்கம் முழுவதையும் திரும்ப எடுக்க வைப்பார், அந்தத் தாளுக்குக் காசும் தரமாட்டார்.

திருத்தம் போட இடமில்லை என்றால் பரவாயில்லை. ஆனால் அவர் செய்தி வந்த அதே பக்கத்தில், பாலத்துக்குக் கீழே ஆகாயத்தாமரை அள்ளுவதைப் பற்றியும் ஒரு செய்தி இருந்தது. அதில் மூன்று இடத்தில் 'சாக்கடைக் கால்வாய்' என்று இருக்கிறது. அவர் இருந்திருந்தால் மூன்றையும் சிவப்புப் பேனாவால் சுழித்துக்கொண்டு திங்கள் காலையில் கடைக்கு வந்திருப்பார். வரவில்லை என்பதால் நானே அடித்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
டைப்பிங் கடைக்காரர், சேலம்