பதினைந்து புள்ளிகள்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்தது. அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடச் சொல். லண்டனில் குளிர் விட்டுவிட்டது, என் முழங்கால் வலிதான் விடவில்லை.

ஈக்வடார் கால்பந்துப் பையன் கென்ட்ரி பாயேஸை வாங்க 2023-லேயே பேசி முடித்த லண்டன் கிளப் செல்சி, ஏன் 2025 வரை காத்திருந்தது என்று கேட்டிருந்தாய். பேசி முடித்தபோது அவனுக்கு வயது 16. 18 ஆகாத பிள்ளையை நாடு விட்டு நாடு வாங்கக் கூடாது என்பது உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் விதி. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் என்றால் 16 வயதிலேயே கிளப் மாறலாம். 2003-இல் ஸ்பெயின் வீரர் ஃபாப்ரிகாஸ் பார்சிலோனாவிலிருந்து லண்டனின் ஆர்சனல் கிளப்புக்கு வந்தது அந்த வயதில்தான். பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு விலகியதும், 2021 முதல் அந்த வாசல் அடைபட்டுவிட்டது. இதில் எனக்கு வருத்தமில்லை. பதினாறு வயதுப் பிள்ளை அம்மா கையால் சாப்பிட்டுக்கொண்டு இன்னும் இரண்டு வருடம் சொந்த ஊரில் ஆடட்டும்.

என் வருத்தமெல்லாம் அடுத்த வாசலைப் பற்றியது. 18 ஆனபிறகும் இங்கே ஆட வேலை அனுமதிக்கு 15 புள்ளிகள் சேர வேண்டும். தேசிய அணியில் எத்தனை ஆட்டம், அந்த நாடு தரவரிசையில் எங்கே, கிளப் எந்த லீகில், களத்தில் எத்தனை நிமிடம் என்று எல்லாவற்றுக்கும் கணக்கு. சின்ன நாட்டுப் பையன் எவ்வளவு திறமைசாலியானாலும் இந்தக் கணக்கில் பின்தங்கிவிடுகிறான்.

ஜப்பான் வீரர் மிதோமாவையே பார். 2021-இல் அவரை இங்கிலாந்தின் பிரைட்டன் கிளப் வாங்கியது. அனுமதி கிடைக்காததால் ஒரு வருடம் பெல்ஜியத்தின் யூனியன் சாங்-ஜிலுவாஸ் அணியில் விட்டு வைத்தார்கள். பிரைட்டன் முதலாளி டோனி ப்ளூமுக்கு அங்கேயும் பங்கு இருந்தது. அப்படி இன்னொரு நாட்டில் இடம் இல்லாத கிளப் என்ன செய்யும்? பிறகு பிரைட்டன் மைதானத்தில் மிதோமா ஆடியதை நேரில் பார்த்தேன். இடது ஓரத்தில் பந்தை நிறுத்திவிட்டு, எதிராளியின் முன்காலையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தக் காலில் பாரம் விழுந்த நொடியில் மறுபக்கம் பாய்ந்துவிட்டார். பல்கலைக்கழகத்தில் டிரிப்ளிங், அதாவது பந்தைக் காலோடு கொண்டுபோய் எதிராளியைத் தாண்டும் வித்தை பற்றியே ஆய்வேடு எழுதியவர் அல்லவா! அந்தப் பாய்ச்சலுக்கு எந்த அட்டவணையில் புள்ளி இருக்கிறது?

2023-இல் கொஞ்சம் தளர்த்தினார்கள். இங்கிலாந்து வீரர்களுக்கு நிறைய நிமிடம் கொடுக்கும் பெரிய கிளப், புள்ளி போதாத நான்கு பேர் வரை சேர்த்துக்கொள்ளலாம். நல்ல காரியம். இளைஞர்களுக்கு இன்னும் தாராளமாகத் திறந்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

இதை எழுதும்போது 2009 நினைவுக்கு வருகிறது. நம் சுனில் சேத்ரியை லண்டன் கிளப் குவீன்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் ஒப்பந்தம் செய்தும் அனுமதி மறுத்துவிட்டார்கள். இந்தியா தரவரிசையில் முதல் 70 இடங்களுக்குள் இல்லை என்பதுதான் காரணம். அவர் காலில் இருந்த ஆட்டத்தை யாரும் குறை சொல்லவில்லை. நூலக வாசலில் நின்று அந்தச் செய்தியை நீ உரக்கப் படித்தாய். அன்று முழுக்க நாம் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை. அதை வெட்டி உன் டைரியில் ஒட்டி வைத்தாயே, இன்னும் இருக்கிறதா? கிடைத்தால் படம் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
ரவி